ஹீரோவின் காது

“வாயில தண்ணி ஊத்துனியாடா?”

அப்பாவு மாமா இதைக் கேட்டபோது நாகேந்திரன் குடத்தைச் சாய்த்து அப்பாவின் கால்களில் ஊற்றிக்கொண்டிருந்தான். வாசலில் பெஞ்சு போட்டு, சுற்றிலும் அம்மாவின் பழைய சேலைகளைக் கட்டி மறைத்து, உள்ளே அப்பா வேதாச்சலத்தின் உடலைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. மாமா அம்மாவின் தம்பி. ஆந்திர எல்லை ஊரான நகரியில் அவர்கள் தெருவில் எந்தச் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நிற்பவர், எந்த முறையையும் விட்டுக்கொடுக்காதவர். கையில் சீயக்காய்த் தூளை வைத்துக்கொண்டு பதிலுக்காக நின்றார்.

“ஊத்துனேன் மாமா.”

“முழுங்கினாரா?”

“ரெண்டு முழுங்கு.”

“அதான் மூஞ்சி தெளிவா கீது,” என்று மாமா திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்.

நாகேந்திரன் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலின் தலைமாட்டில் ஒரு லிட்டர் பாட்டில் மூடிகூடத் திறக்காமல் இருந்தது. எல்லாம் முடிந்தபிறகு தொண்டை வறண்டுபோய் அவனேதான் அதை எடுத்துக் குடித்தான். அப்பாவுக்கு வைத்த தண்ணீர் என்பது பாதி பாட்டில் காலியானபிறகுதான் உறைத்தது.

நேற்று சாயங்காலம் ஆம்புலன்ஸ் வாசலில் வந்து நின்றதிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அவனிடம் இரண்டே கேள்விதான் கேட்டார்கள். உயிர் போகும்போது வாயில் தண்ணீர் ஊற்றினாயா? கடைசியாக என்ன சொன்னார்? கேட்பதில் தப்பில்லை. கூட இருந்தது அவன் ஒருவன்தானே. அந்த வார்டில் ஒரு நோயாளிக்கு ஒரு பாஸ், ஒரு பாஸுக்கு ஓர் ஆள். ஒன்பது நாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் கிடந்த அப்பாவுக்கு புதன்கிழமை கால் வீக்கம் வடிந்து, இரண்டு இட்லி இறங்கியதும், “இனிமே பயமில்ல, நீங்க போய் ஒருநாள் ஊட்டுல படுத்துட்டு வாங்க” என்று அம்மாவையும் அக்கா பிரேமலதாவையும் பஸ் ஏற்றி அனுப்பிவைத்தவனும் அவன்தான். வியாழக்கிழமை மூன்றே முக்காலுக்கு அப்பா போய்விட்டார்.

இரண்டு கேள்விகளில் முதலாவதற்குப் பொய் சொல்வது சுலபம். இரண்டாவதுதான் உயிரை எடுத்தது. வேதாச்சலம் கடைசியாக ஒன்று சொன்னார், தெளிவாகவே சொன்னார். ஆனால் அதைச் சாவு வீட்டில் சொல்ல முடியாது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு பிளெக்ஸ் கடையில் நாகேந்திரனுக்கு டிசைனர் வேலை. எட்டு வருஷம் ஆகிறது. அப்பாவுக்கு அதைப் பற்றித் தெரிந்தது ‘கம்ப்யூட்டர் வேலை’ என்ற இரண்டு சொல் மட்டும். அவர் நாற்பது வருஷம் பவர்லூம் ஷெட்டில் நின்றவர். தறி வேலையைத் தவிர மற்றதெல்லாம் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை, அதனால் சுகமான வேலை.

அந்த வாரம் கடைக்கு ஒரு சினிமா போஸ்டர் வந்திருந்தது. திருப்பதியில் இரண்டு லாட்ஜும் ஒரு ஓட்டலும் வைத்திருக்கும் ஒருவர் தன் தங்கை மகனை ஹீரோவாக்கித் தெலுங்கில் படம் எடுத்திருந்தார். படத்தின் பெயரை மூன்று முறை மாற்றியாகிவிட்டது. போஸ்டரில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் அவர் மாற்றவே இல்லை, கூட்டிக்கொண்டே போனார். முதலில் ஹீரோவும் பின்னால் மலையும் போதும் என்றார். அப்புறம் தீ வேண்டும். தீக்குள்ளிருந்து ஒரு சுமோ கார் பறந்து வர வேண்டும். மூலையில் தன் காலஞ்சென்ற தாயார் ஆசீர்வாதம் செய்ய வேண்டும். ஹீரோவுக்கு உடம்பு போதவில்லை என்று அவருக்கே தெரிந்திருந்ததால், “அதி மீரே சூஸ்கோண்டி”, அதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று கடை முதலாளி சுதாகரின் தலையில் கட்டிவிட்டார். சுதாகர் அதை நாகேந்திரன் தலையில் கட்டினார்.

பகலில் கடை, மற்ற நேரம் ஆஸ்பத்திரி என்று ஆறு நாள் ஓடியபோது அவனுக்கு நிற்கும்போதே கண் செருகியது. ஏழாம் நாள் சுதாகர் தன் லேப்டாப்பைக் கொடுத்து, “அங்கயே கூசோனி செய்ப்பா, பர்வாலேது”, அங்கேயே உட்கார்ந்து செய், பரவாயில்லை என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிச் சென்னை பஸ்ஸில் சிடி போயே ஆக வேண்டும், அங்கிருந்து சிவகாசிக்கு, சனிக்கிழமை அச்சு. அதையும் அவர் சொல்ல மறக்கவில்லை.

அப்படித்தான் அந்த மூன்று நாளும் கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு, மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப் என்று அவன் உட்கார்ந்திருந்தான். அப்பா ஒருக்களித்துப் படுத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் செய்யும் வேலையை அவர் கண்ணால் பார்த்தது அதுதான் முதல் தடவை.

“எதுக்குடா அவன் தலைய மட்டும் வெட்டற?”

“ஒடம்பு வேற ஆள்து நைனா. ஜிம்முக்குப் போற பையன் ஒருத்தன நிக்க வெச்சு எடுத்தோம்.”

“அப்போ இவன் ஒடம்பு?”

“அது வாணாம்.”

அப்பாவுக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகி, நர்ஸ் வந்து தெலுங்கில் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து, “கெழவி யாரு?” என்றார். புரொடியூசரின் அம்மா என்றான். “செத்துட்டாளா?” என்றார். ஆமாம் என்றான். “பாவம், நெருப்பாண்ட நிக்க வெச்சிருக்கறியே,” என்றார். நாகேந்திரன் அந்தக் கிழவியைத் தீயிலிருந்து நகர்த்தி மேகத்தில் வைத்தான். இப்படி அப்பாவும் மகனும் சேர்ந்து பேசிக்கொண்டிருந்து பல வருஷம் ஆகியிருந்தது.

வியாழக்கிழமை மூன்று மணிக்கு வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. முந்தின நாள் எடுத்த மாதிரிப் பிரின்ட்டைச் சுதாகர் பார்த்தார், புரொடியூசர் பார்த்தார், ஹீரோவே பார்த்தான். எல்லோருக்கும் திருப்தி. சிடியில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. அப்போதுதான் அப்பா சொன்னார்.

“டேய், அவனுக்கு ஒரு காது காணோமே.”

“யாருக்கு நைனா?”

“ஹீரோவுக்குத்தான். அந்தாண்ட பக்கம்.”

நாகேந்திரன் பெரிதாக்கிப் பார்த்தான். நிஜம்தான். தலையைச் சுற்றிக் கோடு போட்டு வெட்டும்போது, முடி முடியாகப் பார்த்துப் பார்த்து வெட்டியவன், இடது பக்கம் தூக்கக் கலக்கத்தில் கோட்டைக் காதுக்கு உள்பக்கமாக இழுத்துவிட்டிருக்கிறான். கன்னம் முடிந்ததும் நேராகத் தீ. மூன்று பேர் பார்த்தும் தெரியாதது, தறியில் இழை அறுந்தால் பத்தடி தள்ளி நின்று கண்டுபிடிக்கும் மனுஷருக்குப் படுத்த இடத்திலிருந்து தெரிந்திருக்கிறது.

சிவகாசிக்குப் போய் ஐயாயிரம் போஸ்டரில் காதில்லாத ஹீரோ சுவரேறியிருந்தால் அவன் வேலை போயிருக்கும். பழைய போட்டோவைத் திறந்து காதை மட்டும் வெட்டி எடுத்தான். வைத்தால் பொருந்தவில்லை, போட்டோவில் வெளிச்சம் வேறு பக்கத்திலிருந்து விழுந்திருந்தது. மடலின் ஓரத்தை இருட்டாக்கினான், உள்ளே கொஞ்சம் தீயின் சிவப்பைப் பூசினான், ஓரங்களைக் கரைத்தான். இடையில் ஒரு தடவை, திரும்பாமலே, “நல்ல கண்ணு நைனா ஒனக்கு” என்றான். பதில் வரவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டான். இருபத்தைந்து நிமிஷம் ஆயிற்று.

“இப்ப பாரு நைனா,” என்று லேப்டாப்பை அவர் பக்கமாகத் திருப்பினான்.

அப்பாவின் கண்கள் பாதி திறந்திருந்தன. சரியாக இருக்கிறது என்றோ இல்லை என்றோ அவர் சொல்வதற்காக அவன் கொஞ்ச நேரம் அதை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தான்.

அதற்கப்புறம் டாக்டர் வந்தார், நர்ஸ்கள் வந்தார்கள், திரை இழுத்தார்கள். அவனை வெளியே போகச் சொன்னார்கள். பேப்பர்கள் தயாராக நேரமாகும் என்றார்கள். வராந்தாவில் உட்கார்ந்து அவன் சிடியை எழுதினான். ஏன் எழுதினான் என்று கேட்டால் அவனால் சொல்ல முடியாது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். பதினோரு நிமிஷம் ஆயிற்று. ஓடிவந்த சுதாகர் அவனைக் கட்டிப்பிடித்து அழுதபோது அவன் சட்டைப் பையிலிருந்து சிடியை எடுத்து நீட்டினான். அவர் வாங்கத் தயங்கி, பிறகு வாங்கிக்கொண்டார். அந்த நிமிஷம் அவனுக்குத் தன்மேல் வந்த அருவருப்பு நகரி வரைக்கும் ஆம்புலன்ஸில் கூடவே வந்தது.

எனவே, கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டால், ஹீரோவுக்கு ஒரு காது காணோம் என்றார். இதை யாரிடம் சொல்வது?

முதலில் கேட்டது அக்கா. வியாழக்கிழமை சாயங்காலம் ஆம்புலன்ஸின் கதவைத் திறந்ததுமே அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “என்னக் கேட்டாராடா? என்னக் கேட்டாரா?” ஒரு நாள் முன்னால் தன்னைக் கட்டாயப்படுத்திப் பஸ் ஏற்றிவிட்டார்கள் என்பது போல அழுதாள். அவன் வேறு என்ன செய்வான்? “பிரேமா நாளைக்கு வருவாளான்னு கேட்டாருக்கா,” என்றான். அவள் தரையில் விழுந்து அழுதாள். ஆனால் சட்டையை விட்டுவிட்டாள்.

அடுத்தது அம்மா. ரத்தினம்மா உலுக்கவில்லை, அழவும் இல்லை. அப்பாவைக் கூடத்தில் கிடத்தியதும் தலைமாட்டில் உட்கார்ந்து, அவர் முடியைக் கோதிவிட்டுக்கொண்டே, “ஏதாவது சொன்னாரா?” என்று மட்டும் கேட்டாள்.

“ரத்தினம் துன்னாளான்னு கேட்டாரும்மா.”

அம்மாவின் கை நின்றது. “பேரச் சொன்னாரா?”

அப்போதுதான் அவனுக்குத் தான் செய்த தப்பு புரிந்தது. முப்பத்தைந்து வருஷத்தில் அப்பா ஒருநாளும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘இந்தா’ என்பார், ‘ஏ, அங்க யாரு’ என்பார். பிள்ளைகள் முன்னால் ‘ஒங்கம்மா’. அந்த வீட்டில் அந்தப் பெயரை ரேஷன் கடைக்காரன்தான் சொல்வான். சொன்னது சொன்னதுதான், இனி அழிக்க முடியாது.

“ஆமாம்மா,” என்றான்.

“அப்டியா,” என்றாள் அம்மா. மறுபடி முடியைக் கோத ஆரம்பித்தாள்.

ஆனால் காலையில் துக்கம் விசாரிக்க வந்த ஒவ்வொருத்தியிடமும் அவள் அதைச் சொல்வதை அவன் கேட்டான். “பேரச் சொல்லிக் கேட்டாராம். ரத்தினம் துன்னாளான்னு கேட்டாராம்.” அதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் நிமிர்ந்தது. பக்கத்து வீட்டு லட்சுமம்மா, “கொடுத்து வெச்சவ நீ” என்று கட்டிக்கொண்டு அழுதாள். அக்கா தன் பங்கைத் தனியாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். எட்டரை மணிக்குள் வேதாச்சலம் கடைசி நிமிஷத்தில் பேசியது ஒரு பக்கம் நீளத்துக்கு ஆகிவிட்டது.

குளிப்பாட்டி முடித்து வேட்டி கட்டும்போது அப்பாவு மாமா, “பெரியவன் இருந்து செய்ய வேண்டியது,” என்றார். குத்திக்காட்டவில்லை. அப்பாவுக்குக் கொள்ளி வைப்பது மூத்தவன் முறை, அதைச் சொன்னார்.

மூத்தவன் முரளி குவைத்தில் இருந்தான். ஒரு வீட்டில் டிரைவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் அவனுக்குப் பங்காருபாளையத்தில் பெண் பார்த்து, நிச்சயம் முடித்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. பெண்ணின் அப்பா வேதாச்சலத்தோடு சின்ன வயதிலிருந்து பழகியவர். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது ஏஜென்ட் விசா வந்துவிட்டது, இந்த வாரமே கிளம்ப வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றான். முரளி யாரிடமும் சொல்லாமல் கிளம்பிப்போனான். சென்னையிலிருந்து நாகேந்திரனுக்கு மட்டும் போன் பண்ணினான். பெண் வீட்டு வாசலில் கைகட்டி நின்று பேச்சு வாங்கிக்கொண்டு வந்த வேதாச்சலம் அன்றோடு பெரிய மகனின் பெயரை எடுக்கவில்லை. குவைத்திலிருந்து போன் வந்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவார். பெட்டியில் சட்டை அனுப்பினால் தொடமாட்டார். பேசிக்கொண்டிருந்து மனஸ்தாபம் வந்தால் தீர்ந்துவிடும். பேசாமலே ஆறு வருஷம் ஓடினால் அதை எங்கே பிடித்து அவிழ்ப்பது?

நேற்று அக்காதான் முரளிக்குத் தகவல் சொன்னாள். முதலாளி குடும்பத்தோடு வெளியூர் போயிருக்கிறான், பாஸ்போர்ட் அவனிடம், வர வழியில்லை. அழுது முடித்தபிறகு முரளி கேட்டது ஒன்றே ஒன்று. என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா?

“நாகுதான் கூட இருந்தான், அவன கேளுன்னு சொல்லிட்டேன்டா,” என்று அக்கா வந்து சொன்னாள். “எல்லாம் முடிஞ்சு சாயந்தரம் நாலரைக்குப் பண்றேன்னான்.”

அந்த நிமிஷத்திலிருந்து நாகேந்திரனுக்கு நாலரை மணிதான் நெஞ்சில் உட்கார்ந்திருந்தது. அக்காவுக்குச் சொன்னது சின்னப் பொய், அவளுக்குத் தெரிந்த பாசத்துக்கு மேலே ஒரு வரி. அம்மாவுக்குச் சொன்னதும் அப்படித்தான். முரளிக்குச் சொல்வது அப்படி இல்லை. அதை நம்பி அவன் மிச்ச வாழ்க்கையை ஓட்டுவான். இல்லை என்று சொன்னால் அதை வைத்துக்கொண்டும் ஓட்டுவான்.

பத்து மணிக்குக் கடையின் வேன் வந்தது. சுதாகர் மாலையோடு இறங்கினார், பின்னாலேயே இரண்டு பேர் சுருட்டிய பிளெக்ஸைத் தூக்கி வந்தார்கள். கேட்காமலே அடித்துக் கொண்டுவந்திருந்தார். தெரு முனையில் கட்டி விரித்தபோது நாகேந்திரன் அருகே போய்ப் பார்த்தான். கடையிலிருந்த இன்னொரு டிசைனர் அவசரத்தில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போட்டிருக்கிறான். அதே மலை, அதே மேகம். தீயை மட்டும் அணைத்து ஒளிவட்டம் ஆக்கியிருந்தான். ரேஷன் கார்டு போட்டோவிலிருந்து எடுத்த அப்பாவின் முகம் யாரோ ஒருவருடைய பட்டுச் சட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்தது. கழுத்தில் விரல் தடிமனுக்குத் தங்கச் சங்கிலி. ‘கண்ணீர் அஞ்சலி’ தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.

யாராவது சிரித்துவிடுவார்களோ என்று பயந்தான். யாரும் சிரிக்கவில்லை. அம்மாவை இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக அழைத்து வந்து காட்டினார்கள். அவள் நிமிர்ந்து வெகுநேரம் பார்த்தாள்.

“அந்த செயின் யார்து?”

“தெரீலம்மா. வேற யார் போட்டோவோ. மாத்தச் சொல்லட்டுமா?”

“வாணாம், இருக்கட்டும். இன்னிக்காச்சும் போட்டுக்கினாரே.”

பதினொன்றரைக்கு எடுத்தார்கள். மேளம், சங்கு, வாய்க்கரிசி. மறுநாள் சனிக்கிழமை, சனிப் பிணம் துணை தேடும் என்று மாமா எல்லோரையும் விரட்டிக்கொண்டேயிருந்தார். நாகேந்திரன் கொள்ளிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வெறுங்காலில் நடந்தான். தார் ரோடு கொதித்தது. பத்து நாளாகத் தூங்காத உடம்பு தானாக நடந்துபோயிற்று. குடத்தில் ஓட்டை போட்டது, மூன்று சுற்றுச் சுற்றியது, முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்காமல் நெருப்பு வைத்தது எல்லாம் யாரோ செய்வது போல இருந்தது. திரும்பி வரும்போது ஒரே ஒரு விஷயம் மட்டும் மனதில் நின்றது. அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று. எதற்கு என்று வரிசைப்படுத்திப் பார்க்கக்கூடத் தெம்பில்லை.

நாலரை மணிக்குக் கூடத்தில் அவர்கள் மூன்று பேர்தான் இருந்தார்கள். மாமா வாசலில் பந்தல்காரனோடு பேசிக்கொண்டிருந்தார். அப்பா கிடந்த இடத்தைக் கழுவிவிட்டு விளக்கேற்றியிருந்தார்கள். ஈரம் இன்னும் காயவில்லை. அம்மா சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அக்காவின் நோக்கியா பாயின்மேல் இருந்தது. அது அடித்ததும் அக்கா ஸ்பீக்கரைப் போட்டு நாகேந்திரன் முன்னால் நகர்த்தினாள்.

“நாகு.”

“சொல்லுண்ணா.”

“எல்லாம் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுண்ணா.”

“கொள்ளி நீயா வெச்ச?”

“ம்.”

குவைத் பக்கத்தில் ஏதோ கதவு மூடும் சத்தம் கேட்டது. முரளி தொண்டையைச் செருமினான். “நாகு, நீ பொய் சொல்ல மாட்ட. எனக்குத் தெரியும். என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னாரா?”

நாகேந்திரன் விளக்கைப் பார்த்தான். ஒன்பது நாளில் அப்பா எத்தனையோ பேசினார். தறி ஷெட்டைப் பற்றி, பக்கத்துக் கட்டில்காரனின் குறட்டையைப் பற்றி, செத்துப்போன கிழவியைப் பற்றி. முரளியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்குப் பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இல்லையண்ணா என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட வேண்டும் போல இருந்தது. வாயைத் திறந்தான்.

“அவன இன்னாடா கேக்கற,” என்று அம்மா குனிந்து போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “என்னக் கேளு. வந்ததும் எங்கிட்ட மொத மொத அதத்தான் சொன்னான். முரளி எப்போ வரான்னு கேட்டாராம். பெத்த புள்ள மேல எனக்கு இன்னா கோவம்னாராம். அவன் வந்தா ஊட்டுக்குள்ள கூப்டு, வாசல்ல நிக்க வெக்காதன்னு சொன்னாராம்.”

அவள் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாள். குரலில் தடுமாற்றம் இல்லை. பேசிக்கொண்டே நாகேந்திரனின் கண்ணைப் பார்த்தாள். நேற்று ‘அப்டியா’ என்றபோதே அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. பெயர் சொல்லிக் கேட்டார் என்ற பொய்யைத் தெரிந்தே வாங்கி, தெரிந்தே வீடு முழுக்கக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

முரளி, “நீ சொல்லாதம்மா,” என்றான். “நீ எனக்காக சொல்லுவ. நைனா அப்டி நீட்டி பேசற ஆளா? நாகு சொல்லட்டும். நாகு, அவரு இன்னா வார்த்தைல கேட்டாரு? அதே வார்த்தைல சொல்லு.”

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா முதல் தடவையாகக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். அவளிடம் இருந்தது தீர்ந்துவிட்டது.

நாகேந்திரன் போனைப் பார்த்துக் குனிந்தான். அன்பாக ஒரு வார்த்தை வைத்தால் பழைய போட்டோவின் காதைப் போல ஒட்டாது. அப்பாவிடம் அன்பு அந்தப் பக்கத்திலிருந்து விழாது. ஆறு வருஷம் துண்டை உதறிக்கொண்டு போன மனுஷர் ஒருவேளை கேட்டிருந்தால் எப்படிக் கேட்டிருப்பார்? கட்டிலில் ஒருக்களித்து, அவனைப் பார்க்காமல், வேறு எதையோ பார்த்துக்கொண்டு.

“‘அந்த நாயி எப்போ வர்தாம்’னு கேட்டாருண்ணா.”

முரளி சிரித்தான். சிரிப்பு போலத்தான் ஆரம்பித்தது. “அப்டித்தான் கேப்பாரு,” என்றான். “ஆமா… அப்டித்தான் கேப்பாரு… நாயி எப்போ வர்தாம்…” அதற்குமேல் அவனால் பேச முடியவில்லை. ஆறு வருஷத்து அழுகை அந்தச் சின்னப் போனுக்குள்ளிருந்து கரகரவென்று வந்தது. பின்னால் யாரோ இந்தியில் என்னவென்று கேட்டார்கள். அவன் அவர்களுக்கும் அதைத் தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். நடுவில் போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்துபோனது.

வாசலில் பந்தல் மூங்கில்களை இறக்கும் சத்தம் கேட்டது. அக்கா எழுந்து அடுப்படிக்குள் போனாள்.

அம்மா அசையவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. கை பாயின் கோரையைப் பிடித்துக்கொண்டிருந்தது.

“நாகு,” என்றாள். “நெஜமாவே அப்டிக் கேட்டாராடா?”

போன் மறுபடி அடிக்கத் தொடங்கியது. அவள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.